பதித்த புல் வேர்பிடிக்கட்டும்
குளக்கட்டின் முதல் அறுபது நாட்கள்

நீண்ட இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பிய வன்னிக் கமக்காரக் குடும்பங்கள் முதலில் தேடியவை மூன்று: வீடு, கிணறு, குளம். வீடு கூரையின்றி நின்றது. கிணறு தூர்ந்து கிடந்தது. குளக்கட்டோ பற்றைக் காடாகியிருந்தது. கட்டின் மேல் மரங்கள் வளர்ந்து, கறையான் புற்றெடுத்து, எலியும் உடும்பும் வளை தோண்டியிருந்தன. பல ஆண்டுகள் ஆளில்லாத ஊரில் குளத்துக்கும் ஆளில்லை.

அத்தகைய குளங்களைத் திருத்தும்போது பற்றை வெட்டி, வேர் பிடுங்கி, புதுமண் போட்டு இறுக்கி, இறுதியாகக் கட்டின் வெளிச்சரிவில் புல் பதிக்கிறார்கள். புல் பதித்ததும் திட்டத்தின் கணக்கு முடிகிறது. வேலை செய்தவர்கள் இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் புல் மஞ்சளாகி, ஓரங்கள் சுருண்டு, பாளத்துக்குப் பாளம் வெடிப்பு விழுந்திருக்கும். “புல் செத்துப் போச்சு, இனி மழை வந்தாத்தான் பாப்பம்” என்று நாமும் விட்டுவிடுகிறோம். மழை வரும்போது வேரில்லாத புல் மண்ணோடு சேர்ந்து வழுகி இறங்குகிறது.

இக்கட்டுரை சொல்லவரும் செய்தி ஒன்றுதான். புல் பதித்த அன்று வேலை முடியவில்லை, அன்றுதான் தொடங்குகிறது. அடுத்து வரும் அறுபது நாட்களில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதுமே அந்தப் புல் கட்டைக் காக்குமா, காக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. தண்ணீரும் முறையும் ஒற்றுமையும் தேவை.

கட்டுக்குப் புல் எதற்கு?

மண் கட்டுக்கு முதல் எதிரி மழைத்துளி. வெறும் மண்ணில் வேகமாக விழும் துளி மண்ணைத் தெறிக்கச் செய்கிறது. தெறித்த மண்ணைச் சரிவில் ஓடும் நீர் கொண்டுபோகிறது. முதலில் விரல் அகலத்தில் ஒரு கீறல். அடுத்த மழையில் அது கையகலம். அதே வழியில் தண்ணீர் மீண்டும் மீண்டும் ஓடுவதால் ஒரே மாரியில் அது ஆள் இறங்கக்கூடிய ஓடையாகிவிடும். புல்லின் இலை துளியின் வேகத்தைத் தடுக்கிறது. தண்டு நீரோட்டத்தை மெதுவாக்குகிறது. வேர் மண்ணைப் பின்னிப் பிடிக்கிறது.

மழை நாட்டில் எப்படிப் பெய்யும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெய்த பெருமழை, மீள்குடியேறிய பல குடும்பங்களை மறுபடியும் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் தங்கவைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. குளக்கட்டு உடைவது எத்தகைய அழிவு என்பதை 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய் காட்டியது. அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அது பெருங்குளம். நமது சிறுகுளம் உடைந்தால் உயிர்ச்சேதம் நேராமலிருக்கலாம். ஆனால் காலபோக நெல்லும், கடன்பட்டு வாங்கிய பசளையும், மறு வருடத்துக்கான விதைநெல்லும் போய்விடும்.

புல் எல்லாவற்றையும் தடுக்காது. துருசின் பழுதையோ, கட்டின் உள்ளே ஓடும் கசிவையோ அது நிறுத்தாது. மேற்பரப்பு அரிப்பைத் தடுப்பதே அதன் வேலை. அதோடு, குட்டையான புல் உள்ள கட்டில் எலிவளையும் ஈரக் கசிவும் கண்ணுக்குத் தெரியும். பற்றைக்குள் அவை மறைந்து கிடக்கும்.

எந்தப் புல்?

எமது உலர் வலயத்துக்கு அறுகு நல்லது. நிலத்தின் மேல் ஓடும் கொடியாலும் நிலத்தின் கீழ் ஓடும் தண்டாலும் அது பரவும். ஒவ்வொரு கணுவிலும் புதிய வேர் விடும். வெயிலையும் வறட்சியையும் தாங்கும். நிழலை மட்டும் அது தாங்காது. வயலில் நாம் வெறுத்துப் பிடுங்கும் அதே அறுகுதான் கட்டில் எமக்குத் துணை.

பாளம் வெட்டும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கோரை கலந்த புல்லை எடுத்தால் கட்டுக்குக் கோரையையும் கொண்டுவருகிறீர்கள். மணல் நிலத்தில் வெட்டிய பாளம் தூக்கும்போதே உதிரும். களி கலந்த மண்ணில், வெயில் படும் இடத்தில், மாடு மேய்ந்து குட்டையாக நிற்கும் அறுகே சிறந்தது. ஓரடிச் சதுரமாக, 2 முதல் 3 அங்குலக் கனத்தில் வெட்டுங்கள். முதல் நாள் மாலை அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் பாளம் உடையாமல் வரும்.

ஓர் எச்சரிக்கை. போர் நடந்த பிரதேசங்களில் மண் அணைகளும் குளக்கட்டுகளும் காவலரண்களாகப் பயன்பட்டன. மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட நிலத்தில் மட்டுமே புல் வெட்டுங்கள். மண்வெட்டியில் உலோகமோ பிளாஸ்ரிக் பொருளோ தட்டுப்பட்டால் தொடாதீர்கள், கிளறாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி நடந்து, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். சிறுவர்களைப் புல் வெட்ட அனுப்ப வேண்டாம்.

எப்போது பதிப்பது?

குளம் வற்றியிருக்கும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே கட்டு வேலை நடக்கும். அதே காலத்தில்தான் சோளகக் காற்று மண்ணைக் காயவைக்கிறது. அப்போது பதிக்கும் புல்லுக்கு நாளாந்தம் தண்ணீர் வேண்டும். குளத்திலோ கிணற்றிலோ தண்ணீர் இருந்து, ஊற்ற ஆட்களும் இருந்தால் புரட்டாதியில் பதியுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் ஐப்பசியின் முதல் மழை மண்ணை நனைக்கும்வரை பொறுத்திருங்கள். கார்த்திகைப் பெருமழைக்கு முன் குறைந்தது நான்கு கிழமைகளாவது புல்லுக்குக் கிடைக்க வேண்டும். திட்ட அலுவலர்கள் நாள் குறிக்க வரும்போது கமக்காரர் அமைப்பு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மழை எப்போது வரும் என்பது அவர்களைவிட உங்களுக்கே தெரியும்.

பதிக்கும் நாளில்

புதுமண்ணை இயந்திரம் இறுக்கியிருக்கும். அந்த இறுகிய முகத்தில் பாளத்தை வைத்தால் வேர் இறங்க வழியில்லை. மேல் 2 அங்குல மண்ணை மட்டும் கொத்திப் பொடியாக்கி, தண்ணீர் தெளியுங்கள். பிறகு சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பதித்துச் செல்லுங்கள். செங்கல் சுவர் கட்டுவது போல ஒரு வரியின் மூட்டுக்கு நேரே அடுத்த வரியின் மூட்டு வரக்கூடாது. மூட்டுகள் நேராக இருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே ஓடும்.

ஒவ்வொரு பாளத்தையும் மரக்கட்டையால் தட்டி அமர்த்துங்கள். பாளத்துக்கும் மண்ணுக்கும் இடையில் காற்று நின்றால் வேர் அங்கே காய்ந்துவிடும். மூட்டுகளில் பொடிமண் நிரப்புங்கள். செங்குத்தான சரிவில் பாளத்துக்கு ஒன்றோ இரண்டோ முளை அடிக்க வேண்டும். காய்ந்த மூங்கில் சிம்புகள், ஓரடி நீளத்தில் போதும். பூவரசு, கிளுவை, முள்முருக்குத் தடிகளை முளையாக அடிக்க வேண்டாம். அவை தளிர்த்து மரமாகும். கட்டின் மேல் மரம் வளர்ந்து பின்பு பட்டுப்போனால், உக்கிய வேரின் வழியே தண்ணீர் பாதை பிடிக்கும்.

வெட்டிய பாளத்தை அன்றே பதியுங்கள். முடியாவிட்டால் நிழலில் பரப்பி, ஈரச் சாக்கால் மூடி மறுநாள் பதியுங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புல் வெந்துவிடும்.

பாளம் போதாவிட்டால் கிடைத்ததைக் கட்டின் நீளப்பாட்டுக்கு, குறுக்கு வரிகளாகப் பதித்து, வரிக்கு வரி ஓரடி இடைவெளி விடுங்கள். மேலிருந்து கீழாக வரி வைக்க வேண்டாம். இடைவெளியில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள அறுகங்கொடித் துண்டுகளை, நுனி வெளியே தெரிய ஊன்றுங்கள்.

முதல் அறுபது நாட்கள்

வெட்டிய புல் தன் வேரின் பெரும்பகுதியைப் பழைய நிலத்திலேயே விட்டுவிட்டு வருகிறது. இலை தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். உறிஞ்ச வேர் போதாது. புதுவேர் இறங்கும்வரை நாமே தண்ணீரை வேர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிடுங்கி நடப்பட்ட எதற்கும் முதல் நாட்களின் ஆதரவு எவ்வளவு தேவை என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள்: பதித்து முடித்த கையோடு ஒரு சதுர மீற்றருக்கு 10 லீற்றர் தண்ணீர். ஒரே தடவையில் ஊற்றினால் வழிந்தோடும். இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள். ஒரு பாளத்தின் மூலையை உயர்த்திப் பாருங்கள். அடிமண் நான்கு விரற்கடை ஆழத்துக்கு நனைந்திருக்க வேண்டும்.

2 முதல் 10ஆம் நாள் வரை: காலையும் மாலையும் இவ்விரண்டு லீற்றர், ஒரு நாளைக்குச் சதுர மீற்றருக்கு 4 லீற்றர். வெயிலும் காற்றும் கடுமையானால் சற்றுக் கூட்டுங்கள். பூவாளியால் தெளியுங்கள். குழாயின் வாயை நேரே பிடித்தால் மூட்டு மண் கரைந்துபோகும். முதல் ஐந்து நாட்களுக்கு மெல்லிய வைக்கோலோ கிடுகோ பரப்பலாம். பின்பு எடுத்துவிடுங்கள். அறுகுக்கு வெயில் வேண்டும்.

11 முதல் 21ஆம் நாள் வரை: ஒருநாள் விட்டு ஒருநாள், 8 லீற்றர். இந்தக் காலத்தில் சோதனை ஒன்று செய்யுங்கள். புல்லைக் கையால் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். பாளம் மண்ணோடு ஒட்டி நின்றால் வேர் இறங்கிவிட்டது. பாய் போலக் கிளம்பினால் இன்னும் இறங்கவில்லை. அப்படியானால் முந்திய முறைப்படி சில நாட்கள் தொடருங்கள்.

22 முதல் 45ஆம் நாள் வரை: ஐந்து நாளைக்கு ஒருமுறை, 15 லீற்றர். இப்போது அடிக்கடி சிறிதளவு ஊற்றுவது தவறு. மேல்மண் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தால் வேர் மேலேயே தங்கிவிடும். ஆழமாக நனைத்து, பிறகு காயவிட்டால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும்.

அதன் பின்: தண்ணீரை நிறுத்துங்கள். மாரி பார்த்துக்கொள்ளும்.

மழை பெய்தால் அந்த அளவைக் கழியுங்கள். பக்கம் நேராக உள்ள வெற்று ரின் ஒன்றைக் கட்டில் வையுங்கள். அதில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் சேர்ந்திருந்தால் சதுர மீற்றருக்கு 10 லீற்றர் கிடைத்துவிட்டது. தண்ணீர் கூடினாலும் தீங்கே. ஊறிய புதுமண் கனத்துச் சரியும். புல் அழுகி வேர் கறுக்கும். சரிவில் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

பசளைக்கு அவசரப்பட வேண்டாம். வேரில்லாத புல்லுக்கு யூரியா இட்டால் அது கருகும். நான்கு கிழமை கழித்து, வேர் பிடித்த பின், நன்றாக உக்கிய கூட்டெருவை அரித்து மெல்லியதாகத் தூவுங்கள். அது கிடையாவிட்டால் 100 சதுர மீற்றருக்கு ஒரு கிலோ யூரியா போதும். ஈரமண்ணில் தூவி உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும். பெருமழைக்கு முன் இட்டால் பசளை குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். பச்சைச் சாணம் வேண்டாம். அதோடு களைவிதையும் வரும்.

களையைக் கையால் பிடுங்குங்கள். பிடுங்கும்போது பாளத்தை மற்றக் கையால் அழுத்திப் பிடியுங்கள். புல் நான்கு அங்குலம் உயர்ந்த பின் முதல் தடவை வெட்டலாம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டிய புல் கட்டிப்போட்ட மாட்டுக்கு உணவாகும்.

பழுதான இடத்தை மீட்டல்

மஞ்சளான புல் எல்லாம் செத்த புல் அல்ல. அறுகின் இலை காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடிருக்கும். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பிடுங்கி எறிய வேண்டாம்.

ஓரம் மட்டும் காய்ந்தால் மூட்டு வழியாகக் காற்றுப் போகிறது. பொடிமண் நிரப்பி நனையுங்கள். நடுவில் வட்டமாகக் காய்ந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. பாளத்தை உயர்த்தி, மண் நிரப்பி, தட்டி அமர்த்துங்கள். மஞ்சளாகி, தொட்டால் சதசதவென்று இருந்து, நாற்றமும் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. சில நாட்கள் நிறுத்துங்கள். பாளம் வழுகி இறங்கியிருந்தால் அதை எடுத்து, மண்ணைக் கொத்தி, மறுபடி பதித்து முளை அடியுங்கள். மண்ணில் கீறல் விழுந்திருந்தால் மண்ணை அள்ளி மேலே கொட்டினால் நிற்காது. அது அடுத்த மழையோடு போகும். கீறலைப் படிபடியாக வெட்டி, ஈரமண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்கி, அதன் மேல் புல் வையுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கோடையில் வெளிச்சரிவின் அடியில் ஓரிடம் மட்டும் செழித்துப் பச்சையாக நின்றால் மகிழ வேண்டாம். உள்ளே கசிவு இருக்கலாம். கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அடையாளமிட்டு, தினமும் பார்த்து, அறிவியுங்கள். கலங்கி வந்தால் அது மண்ணைக் கொண்டு வருகிறது. அன்றே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். கட்டின் கீழே குடியிருப்போருக்கும் அறிவியுங்கள்.

தண்ணீர் யார் ஊற்றுவது? மாட்டை யார் கட்டுவது?

புல் சாவதற்குத் தண்ணீரின்மை ஒரு காரணம். கட்டாக்காலி மாடு மற்றொரு காரணம். வேர் பிடிக்காத பாளத்தை மாட்டின் குளம்பு நழுவச் செய்யும். ஆடு புல்லை வேரோடு கிளப்பும். மாடு ஏறி இறங்கிய தடமே முதல் ஓடையாகும். ஆகவே குறைந்தது எட்டுக் கிழமை கட்டில் கால்நடை ஏறக்கூடாது. முள்ளுக் கிளையால் வேலி இடுங்கள். மாடுகள் தண்ணீர் குடிக்க அலைகரையில் ஒரு வழியை விட்டுக்கொடுங்கள். வழியை அடைத்தால் வேலி உடையும், அதன்பின் அயலவரோடு சண்டையும் வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 மீற்றர் நீளமான கட்டு, வெளிச்சரிவு 6 மீற்றர். மொத்தம் 600 சதுர மீற்றர். ஊரில் 30 குடும்பங்கள் என்றால் ஒரு குடும்பத்துக்கு 20 சதுர மீற்றர். முதற் பத்து நாட்களில் நாளொன்றுக்கு 80 லீற்றர். 10 லீற்றர்ப் பூவாளியால் காலையில் நான்கு, மாலையில் நான்கு. 30 குடும்பமும் செய்தால் இது ஒரு வேலையே அல்ல. மூன்று குடும்பம் மட்டும் செய்தால் அவர்கள் இரண்டாம் நாளே களைத்துவிடுவார்கள்.

முற்காலத்தில் பல ஊர்களில் வயற்பங்குக்கு ஏற்பக் கட்டிலும் பங்கு அளந்து விடப்பட்டது. வட்டவிதானையார் மேற்பார்த்தார். ஊரே சிதறிய பின் அந்த முறையும் சிதறியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளிக்கிறது. அமைப்பின் கூட்டத்தில் கட்டை முளையடித்துப் பங்கிட்டு, பெயர்களை எழுதிப் பொதுமண்டபத்தில் தொங்கவிடுங்கள். கணவரை இழந்த பெண்ணின் குடும்பத்துக்கும், முதியவருக்கும், மாற்றுத்திறனாளிக்கும் உரிய பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். தண்ணீர் சுமக்கும் வேலை வழமைபோலப் பெண்கள் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் காணி கிடையாமல் உறவினர் வளவில் இருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். குளத்தில் அவர்களும் குளிக்கிறார்கள், அவர்களுடைய மாடும் தண்ணீர் குடிக்கிறது.

குளமில்லாத இடத்தில்

தற்காலிகக் கொட்டிலில், பிறர் காணியில் இருக்கும் குடும்பங்களுக்கும் இம்முறை உதவும். கொட்டிலைச் சுற்றி உயர்த்திய மண்திண்ணை ஒவ்வொரு மாரியிலும் கரைகிறதல்லவா? கூரையிலிருந்து தண்ணீர் விழும் கோட்டில் இரண்டு வரி அறுகுப் பாளம் பதியுங்கள். இங்கே அளவு சிறியது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் சவர்க்காரம் கலவாததை ஊற்றினாலே போதும். கிணற்றைச் சுற்றியும், பாடசாலை மைதானத்தின் சரிவிலும், வயல் வரம்பின் பக்கத்திலும் இதே வேலை, இதே அறுபது நாட்கள்.

வயலுக்கு அருகே பதித்தால் ஆண்டுக்கு இருமுறை ஓரத்தை மண்வெட்டியால் வெட்டிவிடுங்கள். அறுகு வயலுக்குள் இறங்கினால் அதை வெளியேற்றுவது கடினம்.

இறுதியாக

அடுத்த முறை உங்கள் குளத்துக்குத் திட்டம் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். புல் எந்த மாதத்தில் பதிக்கப்படும்? பதித்த பின் தண்ணீர் ஊற்ற நிதி உண்டா? இல்லையென்றால் ஊர் எப்படிப் பங்கேற்கப்போகிறது? மூன்றுக்கும் விடை கிடைத்த பின் மண்வெட்டியை எடுங்கள்.

ஏற்கனவே புல் பதித்திருந்தால் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து கட்டின் வழியே நடந்து வாருங்கள். பத்துப் பாளத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எத்தனை ஒட்டி நிற்கின்றன, எத்தனை கிளம்புகின்றன என்று எண்ணுங்கள். கிளம்பும் இடத்தில் திங்கட்கிழமை காலையே வேலையைத் தொடங்கலாம்.